ஏறிய இடத்தில் இறங்க வேண்டியதில்லை: ஜேஜு, தெனெரீஃபே, ரீயூனியன் தீவுகளைப் பேருந்திலும் நடையிலும் பார்ப்பது பற்றி ஓர் ஒப்பீடு

எரிமலைத் தீவு ஒன்றுக்குப் போவதாகச் சொன்னால், வாடகைக் கார் எடுத்துக்கொள்ளுங்கள் என்ற அறிவுரைதான் முதலில் வரும். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. இத்தகைய தீவுகளில் மலை நடுவில் நிற்க, ஊர்கள் பெரும்பாலும் கடலோரமாக வளையம் கட்டி அமைந்திருக்கும்; பேருந்து ஊருக்காக ஓடுகிறதே தவிர மலைக்காக ஓடுவதில்லை. ஆனால் காரில் போகிறவருக்குக் காலில் ஒரு கயிறு கட்டியிருக்கிறது. வண்டியை எங்கே நிறுத்தினாரோ அங்கேயே அவர் திரும்பி வந்தாக வேண்டும். ஒரு சரிவில் ஏறி, எரிமலைவாயின் விளிம்பைத் தொட்டு, மறுசரிவில் வேறோர் ஊரில் இறங்குவது அவருக்கு எளிதில் ஆகாத காரியம். பேருந்தில் வந்தவருக்கோ மலையின் எந்தப் பக்கமும் வாசல்தான்; இறங்குகிற இடத்தில் ஒரு நிறுத்தமும், மாலையில் அங்கே வருகிற ஒரு பேருந்தும் இருந்தால் போதும்.

ஆகவே எரிமலை எவ்வளவு உயரம், எவ்வளவு புகழ் என்பதையெல்லாம் இரண்டாம் இடத்துக்குத் தள்ளிவிட்டு, ஓரிடத்தில் தொடங்கி வேறோரிடத்தில் முடிகிற ஒருவழி நடைகளுக்கு அந்தத் தீவின் பேருந்து அட்டவணை எவ்வளவு இடம் கொடுக்கிறது என்ற ஒரே அளவுகோலை வைத்துக்கொண்டு மூன்று தீவுகளை ஒப்பிட விரும்புகிறேன். தென் கொரியாவின் ஜேஜு, ஸ்பெயினின் கேனரித் தீவுக் கூட்டத்தைச் சேர்ந்த தெனெரீஃபே, இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்கு உரிய ரீயூனியன் ஆகியவையே அவை. பரப்பளவில் மூன்றும் ஒன்றுக்கொன்று பெரிதும் விலகியவை அல்ல: ஜேஜு ஏறத்தாழ 1,850 சதுர கிலோமீட்டர், தெனெரீஃபே 2,034, ரீயூனியன் 2,512. மூன்றின் எரிமலை நிலப்பரப்புகளும் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் உள்ளன. முதல் இரண்டும் 2007-இலும் ரீயூனியன் 2010-இலும் சேர்ந்தன. கிரேக்கத்தின் சாந்தோரினியையும் சேர்க்கலாமே என்று கேட்கலாம். அங்கே ஃபீராவிலிருந்து எல்லாத் திசைகளுக்கும் பேருந்து உண்டு, ஃபீராவிலிருந்து ஓயா வரை எரிமலைப் பள்ளத்தின் விளிம்பிலேயே ஏறத்தாழ 10 கிலோமீட்டர் நடக்கவும் செய்யலாம். ஆனால் அந்த ஒரு நடையோடு விஷயம் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது, கடலின் நடுவிலுள்ள நேயா கமேனி என்ற எரிமலைக்குப் படகு பிடிக்க வேண்டும். அதனால் அதை விட்டுவிட்டேன்.

பேருந்து எதுவரை போகிறது

ஜேஜுவில் 2017-இல் பேருந்து வழித்தடங்களை முற்றிலும் மாற்றி அமைத்தார்கள். சிவப்பு நிறப் பேருந்து விரைவு வண்டி, நீலம் முக்கியத் தடம், பச்சை உள்ளூர்க் கிளைத் தடம். இவற்றுள் நான்கு எண்களை மனப்பாடம் செய்துகொண்டால் தீவின் பெரும்பகுதி கைக்குள் வந்துவிடும். 201 என்ற வண்டி ஜேஜு நகரத்திலிருந்து கிழக்குக் கடற்கரையைச் சுற்றிக்கொண்டு தெற்கே சோக்விபோவுக்குப் போகிறது. 202 அதே வேலையை மேற்குக் கடற்கரை வழியாகச் செய்கிறது. 281 தீவின் நடுவே மலைத்தொடரைக் கடந்து, ஹல்லாசான் மலையேற்றம் தொடங்கும் சோங்பானாக் வழியாகத் தெற்கே இறங்குகிறது. 240 மலையின் மேற்குத் தோளில் ஏறி ஓரிமோக், யோங்சில் என்ற இரண்டு பாதைகளின் அடிவாரத்தையும் தொட்டுச் செல்கிறது. ஆக, தென் கொரியாவின் மிக உயர்ந்த மலையின் முக்கியப் பாதைகள் எல்லாவற்றுக்கும் சாதாரண நகரப் பேருந்து அட்டையைத் தட்டிவிட்டு ஏறிப் போய்விடலாம். இறங்கும்போதும் அட்டையைத் தட்ட மறந்துவிடக் கூடாது. தட்டினால்தான் அடுத்த வண்டிக்கு மாறும் சலுகை கிடைக்கும்.

ஒரு எச்சரிக்கை மட்டும் சொல்ல வேண்டும். கடலோரத் தடத்தில் சாலையின் இரு பக்கத்து நிறுத்தங்களுக்கும் ஒரே பெயர்தான் இருக்கும். எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதைச் சரிபார்க்காமல் 201-இல் ஏறியமர்ந்து, கடல் வலப்பக்கம் வர வேண்டிய நேரத்தில் இடப்பக்கம் வருவதைக் கண்ட பிறகுதான் எனக்குச் சங்கதி புரிந்தது. அன்று பார்த்த கடற்கரை திட்டத்தில் இல்லாதது என்றாலும் குறை சொல்லும்படி இல்லை.

தெனெரீஃபேயில் பேருந்தை யாரும் 'பஸ்' என்று சொல்வதில்லை. கேனரித் தீவுகளில் அதற்குக் 'குவாகுவா' என்று பெயர். டிட்ஸா நிறுவனத்தின் பச்சை வண்டிகள் கடலோர ஊர்களை அடிக்கடி இணைக்கின்றன. வடக்கே உள்ள தலைநகர் சாந்தா குரூஸிலிருந்து தென்முனைக் கடற்கரை விடுதிகளுக்கு நெடுஞ்சாலையில் விரைவு வண்டிகள் ஓடுகின்றன. சாந்தா குரூஸுக்கும் லா லகூனாவுக்கும் இடையே 2007 முதல் டிராம் உண்டு. இவ்வளவு செழிப்பு கடல்மட்டத்தோடு சரி. ஸ்பெயினிலேயே உயரமான 3,715 மீட்டர் தெய்தே எரிமலையைக் கொண்ட தேசியப் பூங்காவுக்குள் போக, வடக்கே புவேர்த்தோ தெ லா குரூஸிலிருந்து 348 என்ற ஒரு தடமும், தெற்கே கோஸ்தா அதெஹே பக்கமிருந்து 342 என்ற ஒரு தடமும்தான் பல ஆண்டுகளாக நம்பத்தக்க வழிகள். அவையும் காலையில் ஒரு முறை ஏறி, பிற்பகலில் ஒரு முறை இறங்குகின்றன. ஆண்டுக்குப் பல இலட்சம் பேர் வரும் பூங்காவுக்கு இந்த இரண்டு வண்டிகள் எந்த மூலைக்கு என்று தோன்றத்தான் செய்கிறது. நிறுத்தத்துக்கு அரை மணி முன்னதாகப் போய் வரிசையில் நிற்பது நல்லது.

ரீயூனியனில் தீவைச் சுற்றி ஓடும் மஞ்சள் வண்டிகளுக்கு 'கார் ஜோன்' என்று பெயர். பிரெஞ்சில் மஞ்சள் பேருந்து என்றே பொருள். இவற்றோடு ஒவ்வொரு வட்டாரத்துக்கும் தனித்தனிச் சிறு வண்டிகள் உண்டு. தீவின் நடுவில், பழைய எரிமலை சரிந்தும் அரித்தும் உண்டான மூன்று பெரும் மலைக்கிண்ணங்கள் இருக்கின்றன: சிலாவோஸ், சலாஸி, மஃபாத். முதல் இரண்டுக்குள்ளும் பேருந்து போகிறது. மூன்றாவதான மஃபாத்துக்குச் சாலையே கிடையாது. நடந்து போக வேண்டும், அல்லது ஹெலிகாப்டரில் இறங்க வேண்டும். அங்கே வாழும் சில நூறு குடும்பங்களுக்கான அரிசி முதல் எரிவாயு உருளை வரை பெரும்பாலும் வானத்திலிருந்தே இறங்குகிறது.

வேடிக்கை என்னவென்றால், ரீயூனியனின் உயிருள்ள எரிமலையான பித்தோன் தெ லா ஃபூர்னேஸுக்கு வழக்கமான பேருந்து போவதில்லை. உலகில் மிக அடிக்கடி வெடிக்கும் எரிமலைகளுள் ஒன்று அது. 2,632 மீட்டர் உயரம். பெரும்பாலான ஆண்டுகளில் ஒரு முறையாவது குழம்பைக் கக்கிவிடுகிறது. பேருந்து சமவெளி மேட்டிலுள்ள பூர் முராவில், எரிமலை அருங்காட்சியகத்தின் பக்கத்தில் இறக்கிவிட்டுப் போய்விடும். அங்கிருந்து எரிமலையின் நுழைவாயிலான பா தெ பெல்கோம்ப் இருபது கிலோமீட்டருக்கு மேல். வழிப்போக்கர் வண்டியில் கைகாட்டி ஏறுவது அந்தத் தீவில் சகஜம் என்பதால் பலர் அப்படித்தான் போகிறார்கள். ஆனால் அதைப் பொதுப் போக்குவரத்துக் கணக்கில் நான் சேர்க்க மாட்டேன். எரிமலைவாயைக் காண்பது ஒன்றே குறிக்கோளாக இருப்பவர் ரீயூனியனில் ஒரு நாளைக்காவது கார் எடுக்க வேண்டியிருக்கும்.

ஒருவழி நடைகள்

இனி என் அளவுகோலுக்கு வருகிறேன். தெனெரீஃபேயின் அந்த ஒற்றை வண்டியிலிருந்து முழுப் பயனையும் கறந்துவிடுகிற ஒரு நடை இருக்கிறது. பூங்காவின் வடகிழக்கு வாசலான எல் போர்த்தீயோவில் 348-இலிருந்து இறங்கிக்கொண்டு, 'சியெத்தே கன்யாதாஸ்' என்ற நான்காம் எண் பாதையில், பழைய எரிமலைப் பெரும்பள்ளத்தின் சுவருக்கு அடியோடு ஏறத்தாழ 16 கிலோமீட்டர் நடந்தால், பூங்காவுக்குள் இருக்கும் பாரதோர் என்ற அரசு விடுதியின் வாசலில் போய்ச் சேரலாம். மாலையில் வண்டி அங்கிருந்துதான் கிளம்புகிறது. பாதை கிட்டத்தட்டச் சமதளம். இடப்பக்கம் பல நூறு மீட்டர் உயரத்துக்குச் செங்குத்தாக நிற்கும் சுவர், வலப்பக்கம் தெய்தேயின் கூம்பு, காலடியில் மழைநீர் அடித்துக்கொண்டு வந்து பரப்பிய மஞ்சள் மணல்வெளிகள். மே, சூன் மாதங்களில் ஆளுயரத்துக்கும் மேலாக வளரும் சிவப்புத் தஹினாஸ்தேப் பூங்கதிர்கள் வழிநெடுக நிற்கும். அருகே போனால் தேனீக்களின் ரீங்காரம் காதை அடைக்கும்.

குறை எங்கே என்றால் கடிகாரத்தில்தான். காலை வண்டி எல் போர்த்தீயோவை அடையும்போது பத்தரையாவது ஆகிவிடும். பாரதோரிலிருந்து வண்டி நான்கு மணிவாக்கில் புறப்படும். இரண்டாயிரம் மீட்டர் உயரத்தில், நிழல் என்பதே இல்லாத வெயிலில், 16 கிலோமீட்டருக்கு ஐந்து மணி நேரத்துக்குச் சற்று மேல். நடக்க முடியும், உட்கார்ந்து பூ பார்க்க முடியாது. விடுதி கண்ணில் பட்ட பிறகும் அது கிட்டே வர மறுக்கிற கடைசி மூன்று கிலோமீட்டரில், நடப்பவர்கள் எல்லோரும் மணிக்கட்டைப் பார்ப்பதை நீங்கள் கவனிக்கலாம். வடக்கு வண்டியில் ஏறித் தெற்கு வண்டியில் இறங்கினால் தீவையே குறுக்காகக் கடந்துவிடலாம் என்பது இன்னொரு நல்ல யோசனை. ஆனால் தெற்கு வண்டி இன்னும் முன்னதாகவே கிளம்பிவிடும் என்பதால், அன்றைக்குப் பெரிய நடை வேண்டாம், ரோக்கெஸ் தெ கார்சியா பாறைகளைச் சுற்றிவரும் மூன்றரைக் கிலோமீட்டர் வட்டப் பாதை போதும்.

இதே தீவின் வடகிழக்கு மூலையில் உள்ள அனாகா மலைகள் வேறு உலகம். லா லகூனாவிலிருந்து வண்டி ஏறி குரூஸ் தெல் கார்மெனில் இறங்கினால், பனிமூட்டத்தில் எப்போதும் ஈரம் சொட்டும் லாரல் காடு. அங்கிருந்து குகைவீடுகள் நிறைந்த சினமாதா என்ற சிற்றூர் வழியாகப் புந்தா தெல் இதால்கோ கடற்கரை வரை ஏறத்தாழ 900 மீட்டர் இறக்கம். கீழே வண்டிகள் அடிக்கடி வருவதால் கடிகாரத் தொல்லை இல்லை. தெனெரீஃபேயில் ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது, காரும் இல்லை என்று யாராவது கேட்டால், தெய்தேயை விட்டுவிட்டு இதைத்தான் சொல்வேன். எரிமலையைப் பார்க்க வந்து எரிமலையை விடுவதா என்று கேட்கலாம். அனாகாவும் எரிமலைதான், பல பத்து இலட்சம் ஆண்டுகள் மூத்தது, மழை அறுத்துப் போட்டது.

ஜேஜுவில் ஒருவழி நடைக்குப் பஞ்சமில்லை. 1,947 மீட்டர் உயரமுள்ள ஹல்லாசானின் உச்சிக்கு இரண்டு பாதைகள்தான் போகின்றன: கிழக்கே சோங்பானாக் பாதை 9.6 கிலோமீட்டர், வடக்கே குவானும்சா பாதை 8.7 கிலோமீட்டர். காரை சோங்பானாக்கில் நிறுத்தியவர் அதே நீண்ட, காட்டுக்குள்ளேயே போகிற, காட்சி குறைந்த பாதையில் திரும்பி வருவார். பேருந்தில் வந்தவர் உச்சியிலிருக்கும் பேக்னொக்தாம் எரிமலைவாய் ஏரியைப் பார்த்துவிட்டு, செங்குத்துப் பாறைகளும் தொங்குபாலமும் உள்ள குவானும்சா பக்கம் இறங்குவார். அங்கிருந்து 475 என்ற வண்டி நகரத்தை நோக்கிப் போகிறது. மொத்தம் 18.3 கிலோமீட்டர். உச்சி வரை போக இணையத்தில் முன்பதிவு கட்டாயம். அத்துடன், இடைத்தங்கலைப் பருவத்துக்கு ஏற்பக் குறிக்கப்பட்ட நேரத்துக்குள் கடக்காவிட்டால் மேலே விட மாட்டார்கள். நண்பகல் வாக்கில் ஒரு நிமிடம் தாமதமாக வந்தவர்களையும் புன்னகையோடு திருப்பி அனுப்புகிற காவலரிடம் வாதாடிப் பயனில்லை.

ஆனால் உச்சியைவிட எனக்குப் பிடித்தது யோங்சிலில் ஏறி ஓரிமோக்கில் இறங்குவது. 240 வண்டி யோங்சிலின் சீட்டுக்கூடத்தருகே விட்டுவிடும். பாதையின் உண்மையான தொடக்கம் அங்கிருந்து 2.4 கிலோமீட்டர் மேலே, தார்ச்சாலையில் நடக்க வேண்டும். காரில் வந்தவர்கள் நம்மைக் கடந்து போகிற அந்த அரை மணி நேரம் மட்டும் பேருந்துப் பயணத்தின் மீது சற்றுக் கசப்பு வரும். பிறகு 3.7 கிலோமீட்டர் ஏற்றம்: பள்ளத்தாக்கின் எதிர்ச்சுவரில், உறைந்த குழம்பு தூண்தூணாகப் பிளந்து நிற்கிறது. அவற்றை ஐந்நூறு அண்ணன் தம்பிகள் கல்லானவை என்று அந்த ஊர்க் கதை சொல்கிறது. மேலே 1,700 மீட்டரில் வித்சே ஓரும் என்ற புல்வெளி. எதிரே ஹல்லாசானின் உச்சிக்குமிழ் கருங்கோட்டைபோல் எழுந்து நிற்கும். அங்கிருந்து 4.7 கிலோமீட்டர் இறங்கினால் ஓரிமோக், அங்கே வருவதும் அதே 240. முன்பதிவு வேண்டாம். காலையில் எந்த எண்ணில் ஏறினோமோ அதே எண்ணில், வேறொரு நிறுத்தத்தில் மாலையில் ஏறி உட்காருகிற சுகத்தைக் கார்க்காரருக்கு விளக்குவது கடினம்.

கடலோரத்தில் ஓல்லே பாதைகள். ஜேஜுப் பேச்சுவழக்கில் 'ஓல்லே' என்றால் தெருவிலிருந்து வீட்டு வாசல் வரை வரும் ஒடுக்கமான சந்து. பத்திரிகையாளராக இருந்த சோ மியோங்சுக் ஸ்பெயினின் சாந்தியாகோ யாத்திரைப் பாதையை நடந்து முடித்துத் திரும்பிய பின், தன் பிறந்த தீவில் இதைத் தொடங்கினார். முதல் பாதை 2007-இல் திறக்கப்பட்டது. இன்று 27 பாதைகள், மொத்தம் 437 கிலோமீட்டர். ஒவ்வொன்றும் ஒரு நாள் நடை. ஒன்று முடிகிற இடத்தில் அடுத்தது தொடங்கும். இரு முனைகளும் பெரும்பாலும் கடலோரப் பேருந்துச் சாலைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும். கால் வலித்தால் நடுவழியிலேயே சாலைக்கு ஏறி வண்டி பிடித்துவிடலாம். ஒருவழி நடைக்காகவே யாரோ ஒரு தீவை வடிவமைத்தது போன்ற ஏற்பாடு இது.

ரீயூனியனின் நடைகள் இவை இரண்டையும்விடக் கடுமையானவை, அழகானவையும்கூட. கடற்கரையிலுள்ள சேன் லூயியிலிருந்து சிலாவோஸ் போகும் சாலைக்கு நானூறு வளைவுச் சாலை என்றே பெயர். ஒரு பேருந்து நுழைந்தால் எதிர்வண்டி வெளியே காத்திருக்க வேண்டிய குறுகிய சுரங்கவழிகள் அதில் உண்டு. ஓட்டுநர் ஒவ்வொரு வளைவிலும் ஒலிப்பானை அடித்தபடி, பயணிகளோடு பேச்சையும் விடாமல், 1,200 மீட்டர் உயரத்துக்கு ஏற்றிவிடுகிறார். வயிறு உறுதியாக இல்லாதவர்கள் முன்னிருக்கையில் உட்காருவது உத்தமம். சிலாவோஸ் என்ற சொல்லே மடகாஸ்கரின் மலகாசி மொழியில் 'விட்டுப் போக மனமில்லாத இடம்' என்ற பொருளிலிருந்து வந்தது என்கிறார்கள். அடிமைத்தனத்திலிருந்து தப்பி ஓடியவர்கள் ஒளிந்து வாழ்ந்த மலைகள் இவை.

சிலாவோஸிலிருந்து ஏறத்தாழ 1,300 மீட்டர் செங்குத்தாக ஏறினால் 2,478 மீட்டரில் கவேர்ன் துஃபூர் என்ற மலைக்கூடம். அங்கே இரவு தங்கி, விடியுமுன் தலைவிளக்கோடு கிளம்பினால், இந்தியப் பெருங்கடலின் மிக உயர்ந்த சிகரமான பித்தோன் தெ நேஜின் உச்சியில், 3,070 மீட்டர் உயரத்தில், சூரியன் கடலிலிருந்து எழுவதைப் பார்க்கலாம். காரில் வந்தவர்கள் சிலாவோஸுக்கே திரும்பி இறங்குகிறார்கள். பேருந்தில் வந்தவர் மலையின் மறுபக்கம், சலாஸி கிண்ணத்திலுள்ள ஹெல் பூர் என்ற பழைய மரவீடுகளின் ஊருக்கு இறங்கி, அங்கிருந்து சேன் ஆந்த்ரேக்குச் சிறுவண்டி பிடிக்கிறார். நீண்ட இறக்கம், சேறு முழங்கால் வரை வரும், வேர்களைப் பிடித்துப் பின்புறமாக இறங்க வேண்டிய இடங்கள் உண்டு. ஆனாலும் இந்த ஒரே நடையில் தீவின் தென்மேற்கில் ஏறி வடகிழக்கில் வெளிவந்துவிடுகிறோம்.

மஃபாத்தும் அப்படியே. சிலாவோஸிலிருந்து தைபித் கணவாய் (2,081 மீட்டர்) வழியாக மார்லாவுக்கு இறங்கி, லா நூவெல்லில் ஓர் இரவு, பிறகு கொல் தெ பேஃப் கணவாய் ஏறி சலாஸி பக்கம் இறங்கலாம். அல்லது உள்ளேயே இரண்டு மூன்று நாள் நடந்து, ஓராஞ்சே வழியாக மேற்குக் கடற்கரைப் பக்கம் வெளியே வரலாம். தங்குமிடங்களில் இரவு உணவு நீள்மேசையில் எல்லோருக்கும் ஒன்றாகப் பரிமாறப்படும். சோற்றோடு பருப்பும் 'கரி'யும் வரும். அந்தச் சொல்லை எங்கிருந்து எடுத்தார்கள் என்று தமிழருக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1848-இல் அடிமைமுறை ஒழிந்த பிறகு கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்ட ஒப்பந்தத் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் தமிழர்கள். அவர்கள் வழிவந்தவர்களை அங்கே 'மல்பார்' என்கிறார்கள். சலாஸிக்கு வண்டி மாற வேண்டிய சேன் ஆந்த்ரேயில், கோபுரமும் தீமிதித் திடலும் கண்ணில் படுவது தற்செயல் அல்ல.

காலடியில் என்ன இருக்கிறது

எரிமலைப் பொருளை அருகிலிருந்து பார்ப்பதற்கு எது சிறந்தது என்றால் விடை வேறாகிவிடும். ஜேஜுவின் கடைசி வெடிப்புகள் 1002-இலும் 1007-இலும் நடந்ததாகப் பழைய ஆவணங்கள் குறித்திருக்கின்றன. அதன் பிறகு ஆயிரம் ஆண்டுகளாக மனிதர்கள் அந்தக் கல்லோடு குடும்பம் நடத்திவிட்டார்கள். வயல்களைச் சுற்றி, காரையில்லாமல் அடுக்கிய துளைத்துளையான கருங்கல் சுவர்கள் கிலோமீட்டர் கணக்கில் ஓடுகின்றன. காற்று அந்தத் துளைகளின் வழியே புகுந்து போய்விடுவதால் சுவர் சாய்வதில்லை. அதே துளைகள்தான் மழைநீரையும் குடித்துவிடுகின்றன. ஓடைகள் பெரும்பாலும் வறண்டு கிடக்க, நீர் கடலோரத்தில்தான் ஊற்றாக வெளிவருகிறது. ஊர்களும் பேருந்துச் சாலையும் ஏன் கடற்கரையைக் கட்டிக்கொண்டு கிடக்கின்றன என்பதற்கும் அதுவே காரணம். கிழக்கு முனையில் 201 வண்டி நிற்கும் இடத்திலிருந்து சற்றே நடந்தால் சோங்சான் இல்சுல்போங். ஏறத்தாழ 5,000 ஆண்டுகளுக்கு முன் கடல்நீரில் குழம்பு மோதி வெடித்து எழுந்த 182 மீட்டர் சாம்பற்கிண்ணம். அதன் ஓரத்தில் சாம்பல் அடுக்குகளைக் கையால் எண்ணலாம். 7 கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள மஞ்சாங்குல் லாவாக் குகையில் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர்தான் பொதுமக்களுக்கு உரியது. பாறை விழுந்ததால் நீண்ட காலம் மூடப்பட்டிருந்தது என்பதால், திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டே வண்டி ஏற வேண்டும்.

தெனெரீஃபேயில் கல்லின் வகைகள் அதிகம்: வெண்மையான நுரைக்கல், கண்ணாடிபோல் பளபளக்கும் கறுப்பு அப்சிடியன், கயிறு முறுக்கியது போன்ற குழம்பு, கத்திமுனைபோல் கூரான கட்டிகள். நடக்க இயலாத இந்தக் கட்டிநிலத்துக்கு 'மல்பாயிஸ்', கெட்ட நிலம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரு முறை கையூன்றினால் பெயர்ப்பொருத்தம் விளங்கும். 1706-இல் குழம்பு வந்து துறைமுகத்தைத் தூர்த்துவிட்ட கராசீக்கோ என்ற ஊரில், அந்தக் குழம்பு கடலில் உறைந்து உண்டான குளங்களில் இன்று குழந்தைகள் நீந்துகிறார்கள். அங்கே கடலோர வண்டியிலேயே போகலாம். தீவின் கடைசி வெடிப்பு 1909-இல், சின்யேரோவில் பத்து நாள் நடந்தது.

புதிய கல்லைப் பார்க்க வேண்டுமென்றால் ரீயூனியன்தான். எரிமலைவாய்க்குப் பேருந்து இல்லை என்றேன். ஆனால் எரிமலை பேருந்துச் சாலைக்கு வந்துவிடுகிறது. தென்கிழக்குக் கடற்கரையில் ஓடும் வண்டி, கிராண்ட் புருய்லே என்ற சரிவில், மலையிலிருந்து கடலுக்கு ஓடிய குழம்பாறுகளின் மேலேயே போகிறது. சாலை அறுபடும்போதெல்லாம் குழம்பு ஆறியதும் மீண்டும் போடுகிறார்கள். 2007 ஏப்ரலில் உச்சியிலுள்ள தொலொமியோ எரிமலைவாயின் தரையே முந்நூறு மீட்டருக்கு மேல் உள்ளே இறங்கியது. அந்த வெடிப்பின் கரும்படுகையின் மேல் பெரணிகள் முளைத்து வருவதைச் சன்னலிலிருந்து பார்க்கலாம். இன்னும் வடக்கே பித்தோன் சேன்ட் ரோஸில் இறங்கிக்கொண்டால் ஒரு தேவாலயம். 1977-இல் வந்த குழம்பு, கதவைத் தொட்டு, இரு பக்கமும் பிரிந்து சுற்றி வளைத்து, உள்ளே நுழையாமல் உறைந்துவிட்டது. வாசற்படிக்கு இரு பக்கமும் அந்தக் கல் இடுப்பளவுக்கு மேல் அப்படியே நிற்கிறது. எந்த அருங்காட்சியகமும் இதற்கு ஈடில்லை.

வழிகாட்டலும் வானிலையும்

பாதை அடையாளத்தில் ஜேஜுவுக்கே முதலிடம். மரக்கிளைகளிலும் மின்கம்பங்களிலும் நீலமும் ஆரஞ்சும் கலந்த இரண்டு துணிப்பட்டைகள் காற்றில் ஆடும். பிரிவுகளில் குட்டிக்குதிரை வடிவப் பலகையின் தலை எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் வழி. தெய்தே பூங்காவில் பாதைகளுக்கு எண் உண்டு, தெளிவாகவே இருக்கும். உச்சியின் கடைசி ஏற்றத்துக்குத் தனி அனுமதி வேண்டும், 3,555 மீட்டர் வரை கம்பிவட ஊர்தி போனாலும் அனுமதி இல்லாதவரை அங்கேயே நிறுத்திவிடுவார்கள். ரீயூனியனின் நெடும்பாதைகளில் வெள்ளை, சிவப்புக் கோடுகள் உள்ளன. தூரத்தைவிட நேரத்தை நம்புவது அங்கே நல்லது. ஐந்து கிலோமீட்டருக்கு நான்கு மணி நேரம் என்று பலகை சொன்னால், பலகை மிகைப்படுத்தவில்லை.

மழை விஷயத்தில் ரீயூனியனோடு விளையாடக் கூடாது. 24 மணி நேரத்தில் அதிக மழை பெய்த உலகச் சாதனை அங்கேதான்: 1966 சனவரியில் ஒரு புயலின்போது ஃபொக் ஃபொக்கில் 1,825 மில்லிமீட்டர். டிசம்பர் முதல் மார்ச் வரை பாதைகள் மூடுவதும் மலைச்சாலையில் பாறை விழுந்து பேருந்து நிற்பதும் வழக்கம். மே முதல் நவம்பர் வரை போகலாம். ஜேஜுவுக்கு வசந்தமும் இலையுதிர்காலமும். தெனெரீஃபேக்கு எந்த மாதமும் சரி, குளிர்காலத்தில் பூங்காச் சாலை பனியால் மூடப்படும் சில நாள்களைத் தவிர.

தீர்ப்பு என்று கேட்டால், ஒரு வாரமும் சாதாரண உடல்வலுவும் உள்ளவர், முதல் முறையாகப் பேருந்தை நம்பிப் போகிறவர், தயங்காமல் ஜேஜுவைத் தேர்ந்தெடுக்கலாம். ஒரு வண்டியைத் தவறவிட்டால் அடுத்தது வரும் என்ற நிம்மதி மற்ற இரண்டு தீவுகளின் மலைகளிலும் கிடையாது. இரண்டு வாரமும், முதுகில் பை சுமந்து நாள்தோறும் ஆயிரம் மீட்டர் ஏறி இறங்கும் கால்களும், கொஞ்சம் பிரெஞ்சும் இருந்தால் ரீயூனியனுக்கு நிகர் இல்லை. என் சொந்த விருப்பமும் அதுதான், எரிமலைவாய்க்குப் பேருந்து இல்லாத குறையோடு சேர்த்தே. தெனெரீஃபேயை மூன்றாம் இடத்தில் வைப்பது மலையின் தகுதியால் அல்ல, அட்டவணையால். அந்த அட்டவணையை வெல்லவும் ஒரு வழி இருக்கிறது: செலவு கூடினாலும் பரவாயில்லை என்று பாரதோரில் ஓர் இரவு அறை எடுத்துவிடுவது. அப்போது காலை வண்டியில் ஏறி, சியெத்தே கன்யாதாஸை அவசரமில்லாமல் நடந்து, நான்கு மணி வண்டி மற்றவர்களை ஏற்றிக்கொண்டு இறங்குவதை விடுதி வாசலில் நின்று வேடிக்கை பார்க்கலாம். மறுநாள் பிற்பகல் வரை அந்தப் பள்ளம் முழுவதும் உங்களுடையது.